காத்தமுத்துவின் இடது காது

கோட்டு வேண்டும் என்று கனகராஜ் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது விமலா கையிலிருந்த களிமண் உருண்டையைப் பலகையில் ஓங்கி அடித்தாள். அவர்மேல் எறிய முடியாததை வேறு எங்கேயாவது எறிந்துதானே ஆகவேண்டும்.

“கோட்டு போட்டு, டை கட்டி, லேசா சிரிச்ச முகம். இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே இருந்தா போதும்லா தங்கச்சி. வேற ஒண்ணும் கேக்கல.”

அவர் மேசைமேல் சாய்த்து வைத்திருந்தது, சுவரிலிருந்து அப்படியே கழற்றிக் கொண்டுவந்த கண்ணாடிச் சட்டப் படம். சட்டத்தின் மூலையில் சந்தன மாலையின் சிராய்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. படத்தில் இருந்தவர் கனகராஜின் அப்பா காத்தமுத்து. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் இரட்டைப் பாலத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறியபோது, வீடு கொடுக்காமல் ஒருவரும் லயத்து வரிசை வீடுகளைவிட்டு நகர மாட்டோம் என்று ஆபீஸ் வாசலில் பாயை விரித்து உட்கார்ந்து, கடைசியில் எல்லோருக்கும் கல்வீடு வாங்கிக் கொடுத்தவர். அந்தத் தாமான் குடியிருப்பில் இப்போது ஒரு மண்டபம் கட்டி அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். முகப்பில் வைக்க ஒரு மார்பளவுச் சிலை வேண்டும். அந்த வேலைதான் விமலாவுக்கு வந்திருந்தது. கனகராஜ் மண்டபக் குழுவின் தலைவர். ஆகவே காத்தமுத்துவுக்கு மகனாகவும் விமலாவுக்கு எமனாகவும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

விமலா படத்தைப் பார்த்தாள். அவள் கண் முகத்துக்குப் போகாமல் முதலில் கோட்டுக்குத்தான் போனது. கறுப்புக் கோட்டு, சாய்கோடு போட்ட சிவப்பு டை, பையிலிருந்து முக்கோணமாக எட்டிப் பார்க்கும் கைக்குட்டை. இந்தக் கோட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஈப்போ பூந்தோங்கில் செத்துப்போன ஆண்களில் பாதிப் பேருக்கு இதை மாட்டிவிட்டதே அவள்தான்.

“அண்ணே, இந்தப் படத்த நான்தான் செஞ்சேன்.”

“எந்தப் படத்த?”

“இதத்தான். அப்பா கருமாதிக்கு பேனர் அடிச்சீங்கல்ல? பேப்பர்ல நினைவஞ்சலி போட்டீங்கல்ல? பூந்தோங் பிரிண்டிங் கடையில அப்ப நான்தான் டிசைனர். நீங்க அவரோட ஐசி கார்டு படத்தக் கொண்டாந்து கொடுத்தீங்க. இந்தக் கோட்டு அவரோடது இல்ல, கம்ப்யூட்டர்ல கெடந்த கோட்டு. முகமும் முழுசா அவரோடது இல்ல. இதப் பாத்து நான் சிலை செஞ்சா, என்னையவே நான் காப்பியடிச்ச மாதிரி ஆயிரும்.”

கனகராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது.

“அப்ப ரொம்ப செனாங்லா, வேல லேசாப் போச்சு! செஞ்ச ஆளே கெடைச்சாச்சு. அதையே மண்ணுல செஞ்சிருங்க.”

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க வேண்டும் என்று படத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகும் சிகரெட் நாற்றம் அவள் மண் பிசையும் பின்கட்டைவிட்டுப் போகவில்லை. விமலா தலையில் அடித்துக்கொண்டாள். கையில் மண் இருந்தது நினைவில்லை.

இருபது வருஷம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மனிதர்களைத் திருத்தியவள். கல்யாணப் பத்திரிகை, சடங்கு பேனர், மசாலா பாக்கெட், தேர்தல் சுவரொட்டி, கருமாதி அறிவிப்பு என்று எதுவானாலும் வருகிறவர்கள் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்வது ஒன்றுதான். கொஞ்சம் வெள்ளையாக்குங்க. வெள்ளையாக்கினாள். தொப்பையைக் குறைத்தாள், மருவை அழித்தாள், வழுக்கையில் முடி நட்டாள். ஒருநாள் ஒரு தாய் ஆறு மாதக் குழந்தையின் படத்தை நீட்டி, “கொஞ்சம் வெள்ளையாக்குங்க அக்கா” என்றபோது விமலா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அந்த மாதமே வேலையை விட்டாள்.

விட்டுவிட்டு அவள் போன இடம் ஈப்போ பழைய டவுனில் ஒரு காப்பிக்கடை மாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு கூட்டம் மனித உருவம் வரையும். ஒரு சீனக் கிழவர் சட்டையைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். தொங்குகிற தோலைத் தொங்குகிறபடியும் துருத்துகிற எலும்பைத் துருத்துகிறபடியும் வரையலாம். யாரும் வெள்ளையாக்கச் சொல்ல மாட்டார்கள். அந்த நிம்மதி விமலாவுக்குப் பசி மாதிரி ஆகிவிட்டது. தாளில் ஆரம்பித்தது மண்ணில் வந்து நின்றது. பானை செய்யும் சாயோங்கிலிருந்து மூட்டை மூட்டையாகக் களிமண் வந்து இறங்கியது.

அவள் கணவன் தர்மேந்திரன் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை செய்பவன். சனி ஞாயிறு வீட்டுக்கு வருவான். வந்ததும் சமையலறைத் தொட்டியில் அடைத்திருக்கும் மண்ணை எடுப்பதுதான் அவன் வார விடுமுறை.

“சட்டி பானை செஞ்சாலாச்சும் சோறாக்கலாம். வெறுந்தலையச் செஞ்சு என்னலா பண்றது?” என்பான்.

சண்டை போட்டு ஓய்ந்து இருவரும் ஒரு பேச்சுக்கு வந்திருந்தார்கள். காத்தமுத்து சிலை அவள் செய்தபடி மண்டபத்தில் ஏறி நின்றால் அவள் மண்ணோடு இருக்கலாம். இல்லையென்றால் பிரிண்டிங் கடை நாற்காலி அவளுக்காகக் காத்திருக்கிறது. விமலா சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கனகராஜ் கோட்டோடு வந்தார். கேட்டபடி அந்தப் பேனர் முகத்தையே செய்து கொடுத்துவிடலாம், சுலபம். ஆனால் அப்படிச் செய்தால் கடைக்குப் போகாமலேயே கடைக்குத் திரும்பியதாகிவிடும்.

எனவே அசல் படம் வேண்டும் என்று கேட்டாள். அங்கேதான் கழுத்தறுப்பு ஆரம்பமானது. ஆள் செத்ததும் ஐசி என்கிற அடையாள அட்டையைப் பதிவு அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்களாம். கடையின் பழைய கம்ப்யூட்டர் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. லயத்து வீட்டில் இருந்த படங்களைக் கரையான் தின்றுவிட்டது. தப்பிய ஒரே படம் யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. கும்பலின் கடைசியில் காத்தமுத்து ஓர் அரிசி அளவுக்கு நின்றார், அந்த அரிசியும் அசைந்துவிட்டிருந்தது.

படம் இல்லாவிட்டால் என்ன, பிள்ளைகள் முகத்தில் அப்பன் எலும்பு இருக்குமே என்று வரைதாளைத் தூக்கிக்கொண்டு விமலா சுங்கை சிப்புட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். கனகராஜின் தங்கை பாப்பா பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்பவள். எப்போதும் கசங்கின சட்டையும் கைலியுமாக இருப்பவள் என்று சொல்லியிருந்தார்கள். அன்று பட்டுச்சேலை கட்டி, முகத்தில் அரை டப்பா பவுடரைக் கொட்டிக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, உங்க தாடையத்தான் வரையப் போறேன். பவுடரத் தொடச்சிருங்க.”

“பவுடர் இல்லாம எப்பிடி விமலா? அப்பாவுக்காக வரையறே. அசிங்கமா இருக்கக் கூடாது.”

கனகராஜ் அதைவிட மோசம். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் போனை எடுத்தார். சுவரில் சிவப்பு பல்பின் கீழே பழையபடி மாலையோடு தொங்கிய அப்பா படத்துக்கு நேர் கீழே சாய்ந்து, சிகரெட்டைப் பற்ற வைத்து, சாம்பலைப் படத்துக்கு வைத்திருந்த வெற்றிலைத் தட்டிலேயே தட்டினார்.

“பாத்தியா இந்த ஆட்டத்த!” என்றாள் பாப்பா. “அப்பா இருந்தப்ப இவரு இப்பிடி ஊதுவாரா கேளு. ரப்பர் காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சு ஊதிட்டு, கொய்யா எலய மென்னு துப்பிட்டுத்தான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைப்பாரு. கல்யாணமாயி புள்ள பொறந்த பொறவும் கொய்யா எலதான்.”

“அது அப்ப. இப்ப அப்பா படத்துல இருக்காரு. படம் என்ன பண்ணும்?” என்று கனகராஜ் புகையை மேலே விட்டார். அது நேராகப் போய்க் கோட்டுப் போட்டவரின் முகத்தில் மோதியது. படத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அப்பா எப்படி இருப்பார் என்று விமலா கேட்டாள். நல்ல சிவப்பு என்றார்கள். லட்சணமாக இருப்பார், எப்போதும் சிரித்த முகம் என்றார்கள். காலம் முழுக்க வெயிலிலும் மழையிலும் பால்மரம் வெட்டின மனுஷர் எப்படிச் சிவப்பாக இருந்தார் என்று அவள் கேட்டதற்கு, அதுதான் படத்திலேயே இருக்கிறதே என்றார்கள். பக்கத்து வீட்டு ராஜு அண்ணன் காத்தமுத்துவோடு ஒரே மர நிரையில் வெட்டியவர். அவரும் வாசலில் நின்று எட்டிச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். அவள் எதைக் கேட்டாலும் எல்லோரும் முதலில் சுவரைப் பார்த்தார்கள். அந்தப் படம் அத்தனை பேர் தலைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டு, உண்மையான ஆளை வெளியே தள்ளிவிட்டிருந்தது. பாழாய்ப்போன வேலையை இவ்வளவு சுத்தமாகவா செய்து தொலைத்திருக்க வேண்டும் என்று விமலாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“அண்ணே, கோட்டையாவது விட்டுருங்க. கெஞ்சிக் கேக்கறேன். அவரு கோட்டு போட்டதே இல்லன்னு ஊருக்கே தெரியும்.”

கனகராஜ் சிகரெட்டை நசுக்கினார்.

“அதுக்காகத்தான் கேக்கறேன். மேனேஜர் போடுவான், ஆபீஸ் கிராணி போடுவான். எங்கப்பா கைபனியனோடதான் அவனுங்க முன்னாடி நின்னாரு. செத்த பொறவாச்சும் ஒரு கோட்டு போடட்டுமே. அதுல ஒங்களுக்கு என்ன கஷ்டம்?”

விமலா பாப்பாவின் தாடையையும் கனகராஜின் கன்ன எலும்பையும் வரைந்த தாள்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஈப்போ மழை தூறிவிட்டுப் போகிற மழை இல்லை. மறுநாள் மத்தியானம் பின்கட்டுத் தகரத்தில் அது கொட்டிய சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. விமலா போனில் எடுத்து வந்திருந்த பேனர் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெறுப்போடு வரைந்துகொண்டிருந்தாள். வலது காதை முடித்து இடது காதுக்கு வந்தாள். கை பார்க்காமலேயே ஓடியது. ஓடக் கூடாதே என்று நிறுத்திப் பார்த்தாள். இரண்டும் ஒரே காது. மடிப்புக்கு மடிப்பு அதே காது. வலதை வெட்டி, திருப்பிப் போட்டு, இடதில் ஒட்டியிருந்தது.

யாரும் சும்மா ஒரு மனிதனின் காதைப் பிடுங்கிவிட்டு வேறு காது வைக்க மாட்டார்கள். விமலா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். பிரிண்டிங் கடை, தோளுக்குப் பின்னால் சிகரெட் நாற்றத்தோடு ஒரு குரல். அந்தக் காத மட்டும் சரி பண்ணிருங்க தங்கச்சி, பேனர்ல நல்லாருக்காது. என்ன காது அது? கிழிந்த காது. மடல் கீழே இரண்டாகப் பிளந்து தொங்கிய காது.

ஒன்று வந்ததும் மற்றவையும் வரத் தொடங்கின. பல் போய் உள்ளே விழுந்த கன்னத்தை அவள் நிரப்பியிருந்தாள். பாதி இறங்கிய இடது கண் இமையைத் தூக்கிவிட்டிருந்தாள். புருவங்களுக்கு நடுவில் இருந்த இரண்டு ஆழமான கோடுகளைத் தேய்த்து எடுத்திருந்தாள். அதைத் தேய்த்ததால்தான் அந்த மனிதர் சிரித்தார். உண்மையில் அவர் சிரிக்கவே இல்லை, யாரையோ அதட்டப்போகிற முகம் அது. முகத்தைப் பார்த்தவர்கள் மறந்துவிட்டார்கள். அழித்தவளுக்கு நினைவிருந்தது. திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடமாக அல்லவா அழித்தாள்?

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. அவள் திருத்திய பிணங்கள் கொஞ்சமா? வேறு யாருடைய காதையோ கொண்டுவந்து இவருக்கு வைத்துவிட்டால்? பாப்பாவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, அப்பாவோட இடது காது எப்பிடி இருக்கும்? படத்தப் பாக்காம சொல்லுங்க.”

“காது காது மாதிரித்தான் இருக்கும். இது என்ன கேள்வி?”

“கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க. எனக்காக.”

பாப்பா மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது.

“ரெண்டா இருக்கும். கீழ கிழிஞ்சு ரெண்டா இருக்கும். ஜப்பான்காரன் காலத்துல, சின்னப் பையனா இருந்தப்ப, எவனோ கடுக்கனப் பிடிச்சு இழுத்துட்டானாம். நான் அதுக்கு நடுவுல வெரல விட்டுக்கிட்டுத்தான் தூங்குவேன் விமலா. இல்லாட்டி தூக்கமே வராது. ஐயோ, எப்பிடி மறந்தேன்? வாரா வாரம் படத்தத் தொடச்சு மால போடறேனே, எப்பிடி மறந்தேன்?”

நான்தான் அக்கா மறக்க வைத்தேன் என்று சொல்ல விமலாவுக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு மண் மூட்டையைப் பிரித்தாள்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. ஓடாதது கனகராஜின் பொறுமைதான். காலையில் ஒரு வாட்ஸப், மாலையில் ஒரு வாட்ஸப். கோட்டு போட்டாச்சா? பட்டன் எத்தனை? முகம் கொஞ்சம் பளபளன்னு இருக்கட்டும். ஒரு போட்டோ அனுப்புங்க. விமலா எதையும் அனுப்பவில்லை. கடைசியில் அவரே ஒரு போட்டோ அனுப்பினார். கிள்ளானில் எங்கோ ஒரு கடையில் தங்க வர்ணம் அடித்து நிற்க வைத்திருந்த கோட்டுப் போட்ட பொம்மை. தலையை மட்டும் மாற்றிக் கொடுப்பார்களாம். சனிக்கிழமை வந்து பார்ப்பேன், குழுவுக்குப் பிடிக்கவில்லையென்றால் இதற்குச் சொல்லிவிடுவோம் என்று கீழே எழுதியிருந்தார். விமலா அந்த எழுத்தை மூன்று முறை படித்துவிட்டுப் போனைத் தூக்கி மாவு டப்பாமேல் போட்டாள். பிறகு போய்க் கோட்டுக் காலர் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தாள். அவ்வளவு பயம். வரைந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பனியன் கழுத்தை மண்ணில் இழைத்தாள்.

சனிக்கிழமை தர்மேந்திரன் சமையலறைத் தொட்டியில் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். “கடையில திங்கக்கெழம வரியான்னு கேட்டாங்க. என்ன சொல்றது?” என்று அவன் கேட்டபோது விமலா கனகராஜுக்குச் சொல்ல வேண்டிய பதில்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கோட்டுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, கிள்ளான் பொம்மைக்கு ஒன்று.

பின்சந்தில் கார் கதவு அறைந்தது. கனகராஜின் குரல் அவருக்கு முன்னால் வந்தது.

“லோரிய எவன்லா சந்துல கொண்டாந்து வச்சான்? மனுஷன் காடிய எங்க போடறது? சிலை எங்க தங்கச்சி? கோட்டு ஒழுங்கா வந்திருக்கா? மதியம் கிள்ளான்காரனுக்கு நான் பதில் சொல்லணும்.”

புதிதாகப் பற்ற வைத்த சிகரெட்டோடு பின்கட்டுக்குள் வந்தார். பின்னால் பாப்பா, இந்த முறை பவுடர் இல்லாமல். சத்தம் கேட்டு தர்மேந்திரனும் கம்பியோடு வந்து வாசலில் நின்றான். விமலா சிலைமேல் மூடியிருந்த ஈரத்துணியை எடுத்தாள்.

கைபனியன். தோளில் துண்டு. விழுந்த கன்னம். ஒரு கண் பாதி மூடியும் மறு கண் முழுக்கத் திறந்தும், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, வாசலில் வந்து நிற்பவனை இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கப்போகிற முகம்.

கனகராஜ் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சிகரெட் இருந்த கை மெல்ல இறங்கி முதுகுக்குப் பின்னால் போனது. போனது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. மறு கை தானாக மேலே வந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது.

“கோட்டு இல்லயே,” என்றார். சந்து முழுக்கக் கேட்ட குரல் இப்போது பக்கத்தில் நின்ற பாப்பாவுக்கே சரியாகக் கேட்டிருக்காது.

“இல்லண்ணே.”

“சிரிக்கவும் இல்ல.”

“இல்ல.”

விமலா அடுக்கி வைத்திருந்த பதில்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றைக்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. கனகராஜின் முதுகுக்குப் பின்னாலிருந்து புகை மேலே எழும்பி அவர் காதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இருக்கட்டும்,” என்றார் தரையிடம். “கிள்ளான்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிர்றேன். இப்பிடியே இருக்கட்டும்.”

கிளம்பினார். ஆனால் திரும்பவில்லை. திரும்பினால் கையில் இருப்பது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். மார்பைச் சிலைக்குக் காட்டியபடியே அடிமேல் அடியாகப் பின்னால் நகர்ந்தார். குதிகால் தண்ணீர் வாளியில் இடித்தது. தர்மேந்திரன் வழிவிட்டு ஒதுங்கினான். வாசல் தாண்டி, சுவர் மறைத்த பிறகுதான் அவர் இருமுகிற சத்தம் கேட்டது. தர்மேந்திரன் சிலையைப் பார்த்தான், விமலாவைப் பார்த்தான், கையிலிருந்த கம்பியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

பாப்பா சிலையிடம் போய், கிழிந்த காதின் நடுவே சுண்டுவிரலை வைத்தாள். மண் இன்னும் ஈரம். தொட்டால் வேலை கெட்டுவிடும். தொடாதீங்க அக்கா என்று விமலா சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பாப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று விமலா நினைத்தாள். அழத்தான் செய்தாள், ஆனால் சிரிப்பும் கூடவே வந்துகொண்டிருந்தது. விரலை எடுக்காமலேயே சந்துப் பக்கம் தலையைத் திருப்பிக் கத்தினாள்.

“அண்ணே! இங்க கொய்யா மரம் கெடையாதுண்ணே!”